சாய்வெயிலுக்கு மேற்கூரை போதாது: மரத்தளத்துக்கு எந்த மறைப்பு?

வீட்டுப் பின்புறம் மரத்தளம் போட்டவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தலைக்கு மேலே விரிக்கிற ஏதோ ஒன்றை. உச்சி வெயிலுக்கு அது போதும். சாயங்கால வெயிலோ பக்கவாட்டில் வந்து நேராகக் கண்ணில் அடிக்கும். கூரை விளிம்பு 2.4 மீட்டர் உயரத்திலும், நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் 1.1 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் அடிவானத்துக்கு மேல் 20 டிகிரியில் நிற்கும்போது, மேற்கு விளிம்பிலிருந்து 3.6 மீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்தால்தான் முகத்தில் வெயில் படாது. 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 7.4 மீட்டர் தள்ள வேண்டும். பெரும்பாலான தளங்கள் அவ்வளவு அகலமே இருக்காது. அதனால் எதை எடுத்தாலும், மேற்குப் பக்கம் செங்குத்தாக நின்று மறைக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சாய்க்கக்கூடிய பெரிய குடை இரண்டு நாற்காலிக்குப் போதும். வெயில் நகர நகரக் குடையையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அடிப்பாரம் குறைந்தால் காற்றில் சாய்ந்துவிடும். சுவரிலிருந்து நீளும் மடக்குக் கூரை பார்க்க அழகு. ஆனால் கடைசி ஒரு மணி நேரம் வெயில் அதன் அடியில் புகுந்துவிடும். முன்விளிம்பிலிருந்து தொங்கும் திரையோடு வருவதை வாங்கினால்தான் பயன். மோட்டார் வைத்தவற்றை நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் அவற்றின் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன்.

நான் கடைசியில் பரிந்துரைக்கும் சுருட்டுத் திரைக்குக் கடுமையான போட்டி கொடுப்பது, தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டும் துணியான நிழல்பாய்தான். நான்கு மூலைப் பாயில் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, இரண்டைத் தாழ்த்திக் கட்டினால் துணி முறுக்காக நிற்கும், மழைநீரும் தேங்காது. சாய்வெயிலை மறைக்க மேற்கு விளிம்பை நன்றாகத் தாழ்த்த வேண்டும். அப்படித் தாழ்த்தினால் அந்தப் பக்கம் ஏறி இறங்கும்போது தலை இடிக்கும். ஒவ்வொரு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகித் துணியை இறுக்கும் இணைப்பு) முறுக்க இடம் வேண்டும் என்பதால், பாயைத் தூண்களின் இடைவெளியைவிடச் சிறிதாக எடுக்க வேண்டும். இதை மறந்து முழு அளவில் வாங்கினால் துணி கடைசிவரை தொய்ந்தே தொங்கும்.

நான் பரிந்துரைப்பது மேலிருந்து இறக்கிச் சுருட்டி ஏற்றும் நிழல்வலைத் திரையை. காரணம் காற்று. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று துளையில்லாத துணியில் மோதினால், சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ எடை சாய்ந்ததுபோல் அழுத்தும். 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் இறக்கம் உள்ள திரைக்கு அது ஏறக்குறைய 100 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. தார்ப்பாயைத் திரையாகத் தொங்கவிட்டவர்களின் தூண் ஆட்டம் காண்பது இதனால்தான். பின்னல் வலை காற்றில் ஒரு பகுதியை விட்டுவிடும், ஆனாலும் மிச்ச அழுத்தம் சிறியதல்ல. காற்று கிளம்பினால் திரையை ஒரு நிமிடத்தில் சுருட்டிக் கட்டிவிடலாம். நிழல்பாயைக் கழற்ற ஏணி வேண்டும், நான்கு மூலை டர்ன்பக்கிளையும் தளர்த்த வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே பலர் கழற்றாமல் விட்டு, புயலில் பாயையும் தூணையும் சேர்த்து இழக்கிறார்கள்.

துணி ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பின்னல் வலையாக இருக்கட்டும். நெய்த வலையை வெட்டினால் ஓரம் பிரியும், பின்னல் பிரியாது. மேற்குப் பக்கத்துக்கு 90 சதவீத மறைப்பு எடுங்கள். 70 சதவீத வலையில் சூரிய வட்டமே தெரிந்து கண் கூசும். அடர்நிறமாக இருந்தால் உள்ளிருந்து வெளியே தெளிவாகத் தெரியும். வெளிர்நிற வலை வெயில் பட்டதும் தானே வெளுத்து ஒளிர்ந்து பார்வையை மறைக்கும்.

கீழ் மடிப்பில் 25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் செருகுங்கள். இரண்டு கயிறுகளை, இரு ஓரத்திலிருந்தும் அகலத்தில் கால் பங்கு உள்ளே தள்ளி, திரைக்குப் பின்னால் மேலே கட்டுங்கள். அங்கிருந்து குழாயின் அடியாக முன்பக்கம் கொண்டுவந்து, மேலே உள்ள கப்பியில் ஏற்றி இறக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் குழாய் உருண்டு துணியைச் சுற்றிக்கொண்டே மேலேறும். சுருள் ஒரு பக்கமாக ஒதுங்கினால் கயிறுகளின் நீளம் சமமில்லை, அல்லது துணி கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியதும் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள், சமமாக இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டுமென்றால் இரண்டு திரையாகப் பிரியுங்கள். நீளக் குழாய் நடுவில் வளைந்து சுருளைக் கெடுக்கும்.

திரையைத் தரைவரை இறக்க வேண்டாம். அடியில் 15 சென்டிமீட்டர் விட்டால் காற்று வரும், துணி தளத்தில் உரசாது. குழாயின் இரு முனைகளையும் ரப்பர் கயிறும் கொக்கியுமாகத் தூணில் மாட்டுங்கள். காற்று மோதும்போது கயிறு நீண்டு கொடுக்கும், மடிப்பு கிழியாது. மேல் வளையங்களுக்கு மரத்திருகு போதாது. உத்திரத்தைத் துளைத்து மறுபக்கம் அகல வாஷரும் நட்டும் போட்ட, தலையில் வளையமுள்ள ஐ போல்ட் வேண்டும். புதிதாகத் தூண் நிறுத்தினால் தளப்பலகையில் திருகாமல், அடியிலுள்ள சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பொறுமை இருப்பவர்களுக்குக் கொடிப்பந்தல் இன்னும் குளிர்ச்சி. மேற்குப் பக்கம் கம்பிச் சட்டத்தில் படரவிட்டால் இலை அடர இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். அதுவரை திரையும் கொடியும் சேர்ந்தே இருக்கலாம். உதிரும் இலை பலகை இடுக்கில் சேர்ந்து ஈரம் பிடித்து மரத்தை உளுத்துவிடும், அடிக்கடி பெருக்க வேண்டும். தூரத்தில் இடம் இருந்தால் மரமும் நல்ல வழி: 20 டிகிரி வெயிலில் 4 மீட்டர் மரத்தின் நிழல் 11 மீட்டர் நீளும்.

திரையில் முதலில் போவது வலையல்ல, தையல் நூல். சாதாரண பாலியஸ்டர் நூல் வெயிலில் முன்னதாகவே நைந்துவிடும், பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல் நெடுநாள் தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை கீழ் மடிப்புத் தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் உதிர்ந்தால் அந்த மடிப்பை மட்டும் மறுபடி தைத்தால் போதும், துணி இன்னும் பல கோடை தாங்கும். மழையில் நனைந்த திரையைச் சுருட்டி வைக்காதீர்கள். துணி மக்காது, ஆனால் அதில் படிந்த தூசியில் பூஞ்சை கிளம்பிக் கறை ஏறும்.