நாட்டுத் தாவர நாற்றங்காலில் வாங்கிய ஆவாரைக் கன்றுகள்

மதுரைக்கு வடக்கே, நாட்டுத் தாவரங்களை மட்டும் வளர்த்து விற்கும் ஒரு சிறிய நாற்றங்காலில், வேலியோரம் நடுவதற்காக ஆவாரைக் கன்றுகளை வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் அவை பூத்துவிட்ட நிலையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, கேட்ட செடியையே அவர்கள் கொடுத்தார்கள் என்பதுதான். மஞ்சள் பூப் பூக்கும் வெளிநாட்டுக் கொன்றை வகைகளை ஆவாரை என்று சொல்லி விற்கும் இடங்கள் இருப்பதால், பூவில்லாத கன்றை வாங்குகிறவர் இலைக்காம்பின் அடியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே காது மடல் போல் அகன்று தண்டைத் தழுவி நிற்கும் இலையடிச் செதில்கள் இருந்தால் அது ஆவாரை. நான் வாங்கிய கன்றுகள் அனைத்திலும் அவை தெளிவாக இருந்தன. காய்த்த பிறகு, தட்டையாகத் தாள்போல் மெலிந்து, விதைகள் புடைத்துத் தெரியும் நெற்றுகளும் அதையே உறுதிப்படுத்தின.

குறை கன்றுகளின் வயதில் இருக்கிறது. ஆவாரை ஆழமாக ஆணிவேர் விட்டு வறட்சியைத் தாங்கும் செடி. பெரிய பையில் நெடுநாள் நின்ற கன்றில் அந்த வேர் அடியில் சுருண்டுவிடுகிறது. உயரத்தைக் காட்டி இருமடங்கு விலை சொல்லப்பட்ட அந்தக் கன்றுகள், நட்ட பிறகு பல மாதங்கள் அசையாமல் நின்றன. சிறு பையில் இருந்த இளங்கன்றுகளோ ஒரு வடகிழக்குப் பருவமழையிலேயே அவற்றைத் தாண்டி வளர்ந்தன. பெரிய கன்றே நல்லது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை நாற்றங்கால் நிறுத்த வேண்டும்.

பூத்த செடியைக் காலை வெயிலில் அருகில் நின்று பார்ப்பது தனி இன்பம். ஓரம் சுருங்கிய ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே நீண்டு வளைந்த மகரந்தப் பைகளைக் கருவண்டு இறுகப் பற்றி உடலை அதிரவைக்க, பையின் நுனித் துளை வழியே மகரந்தம் தெறித்து அதன் வயிற்றில் படிகிறது. தேன் சுரக்காத இப்பூவை நாடி வண்டு வருவது அந்த மகரந்தத்துக்காகவே. இளந்தளிர்களில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. புழுக்கள் இலைகளைத் தின்றாலும் செடி மீண்டும் தழைத்துவிடுகிறது, மருந்து தெளிக்கத் தேவையில்லை.

இத்தனையும் இருக்க, நாற்றங்காலின் பெயர்ச்சீட்டில் 'சர்க்கரை நோய்க்கு' என்ற ஒரே வரிதான் காணப்படுகிறது. நீரிழிவுக்கு மருத்துவர் தரும் மாத்திரையின் இடத்தை ஆவாரம்பூக் கொதிநீர் நிரப்பாது என்பதால் அந்த வரி எனக்கு உடன்பாடில்லை. நீர் குறைந்த நிலத்துக்கு ஏற்ற வேலிச்செடி, பொங்கல் காப்புக் கட்டுக்கு வீட்டிலேயே பறித்துக்கொள்ளும் பூ என்று எழுதினால் வாங்குகிறவருக்கு உண்மையாகவே பயன்படும்.

வாங்க விரும்புவோர் புரட்டாசி முடிவதற்குள் சென்று, சிறு பைக் கன்றுகளையே கேட்டு, நாள் முழுவதும் வெயில் விழுந்து நீர் தேங்காத இடத்தில் நடலாம்.