தங்கள் பங்கை முதலில் எடுத்து வைக்கும் கடை

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குக் கூப்பிடு தூரத்தில், கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த ஐந்து பெண்கள் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். சோறு, ஒரு குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். மத்தி வறுவலுக்குத் தனிக் காசு. மட்டை அரிசிச் சோறும் இருக்கும், வெள்ளைச் சோறும் இருக்கும். எது வேண்டும் என்று கேட்டுத்தான் தட்டில் போடுவார்கள். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர் என்பதால் அடுப்பிலும் இரண்டும் உண்டு. ஒரு நாள் தேங்காய் அரைத்துவிட்ட மோர்க்குழம்பு என்றால் மறுநாள் நம் கொங்குப் பக்கத்துக் கொள்ளு ரசம். பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுகிறார்கள். அந்த ரசத்தை நான் டம்ளரில் வாங்கித் தனியாகக் குடிப்பேன்.

2020-ல் கேரளம் முழுக்க ஜனகீய ஓட்டல்கள், அதாவது இதுபோல் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள், தொடங்கியபோது சாப்பாடு 20 ரூபாய்; ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023-ல் மானியம் நின்றது, விலை 30 ஆனது. கட்டுப்படியாகாமல் பல இடங்களில் மூடிவிட்டார்கள். இவர்கள் விறகுச் செலவு வரை கணக்குப் போட்டுப் பார்த்து, தாக்குப்பிடித்தார்கள்.

இந்தக் கடையைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. ஒன்றரை மணிக்கு மேல் போனால் மீன் இல்லை என்பார்கள், ஆனால் உள்ளே மூடி வைத்த தட்டில் மீன் இருக்கும். அது உண்மைதான். காலையில் வறுத்து முடித்ததும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு என்று நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்குகிறார்கள். ஒரு லாரி ஓட்டுநர் இரட்டை விலை தருகிறேன் என்று நின்றார். ஐவரில் மூத்த அக்கா, “அது எங்க பங்குங்க. நாளைக்கு நேரமே வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குச் சோறு போடப் போய்விட்டார்.

எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது இதனால்தான். என் அம்மா மீன் குழம்பு வைத்த நாளில் எல்லோரும் கை கழுவிய பிறகு வால் துண்டை வைத்துக்கொண்டு உட்காருவார். நடுத்துண்டு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சமைத்தவள் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் அன்பு என்று நம் வீடுகளில் யாரும் சொல்லாமலேயே பழக்கிவிடுகிறார்கள். மூத்த அக்காவிடம் இதைச் சொன்னபோது, “பசியோட பரிமாறுனா கை சுருங்கும் கண்ணு. சாப்பிடறவன் தட்டுல அது தெரியும்” என்றார். இங்கே பரிமாறும் கை சுருங்கி நான் பார்த்ததில்லை. பொரியல் தீர்ந்துபோகும் நாள் உண்டு, ஆனால் சோற்றுக்கும் குழம்புக்கும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மருந்துக் கடையில் எனக்குக் கூட்டம் குறைய இரண்டரை ஆகிவிடும். அதனால் பெரும்பாலும் கடைசிப் பந்தியில் அவர்களோடுதான் சாப்பிடுகிறேன். மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவார்கள். சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதும்போது பேச்சை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். பேச்சும் இங்கே சாப்பாட்டோடு சேர்ந்ததுதான்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்வரும் பெண், காதலித்த பையன் போனை எடுப்பதில்லை என்று ஒரு நாள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னோம். மூத்த அக்கா மட்டும் கேள்வி கேட்டார். “உன் பொறந்த நாள் அவனுக்குத் தெரியுமா?” தெரியாது. “சம்பள நாள்?” அது தெரியும். அவளுக்குக் கண் கலங்கியது. அக்கா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தன் மீனில் ஒன்றை அவள் தட்டில் வைத்தார். அவள் சாப்பிட்டாள்.

அவர்களுக்குள் சண்டையும் வரும். காய்கறிக் கணக்கில் இரண்டு பேருக்கு முட்டிக்கொண்டு, நாள் கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அந்த நாட்களிலும் ஒருத்தி அரிசி களைந்தால் மற்றவள் உலை வைத்தாள். அடுப்படியில் பணம் பேசக்கூடாது என்பது இங்கே சட்டம். பேச வேண்டியதை அயல்கூட்டத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். பத்து முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்து வாரம் ஒருமுறை கூடி, சிறு சேமிப்பும் கடனும் பார்த்துக்கொள்வதுதான் அயல்கூட்டம். 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கியதிலிருந்து எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. அந்தச் சண்டையும் அங்கேதான் தீர்ந்தது. சிநேகத்துக்கு நடுவில் காசு வந்தால் கெட்டுப்போகும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். காசை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தால் சிநேகம் நிற்கும் என்பதை இங்கே கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் கைக் காயத்துக்கு மருந்து கேட்டு எங்கள் கடைக்கு வந்தாள். விழுந்த காயமாகத் தெரியவில்லை. நான் அவளை இவர்களிடம் கூட்டிப் போனேன். ‘புருஷன்தானே, அனுசரிச்சுப் போ’ என்று ஐந்து பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. முதலில் சோறு போட்டார்கள். பிறகு சிநேகிதாவுக்குப் போன் செய்தார்கள். அது குடும்பஸ்ரீ 2013-ல் தொடங்கிய பெண்கள் உதவி மையம். எந்த நேரமும் கூப்பிடலாம், ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் தருவார்கள். மலையாளச் சேச்சி ஒருவர் கை வேலையைப் போட்டுவிட்டு அவளோடு கிளம்பினார். அன்று பரிமாற ஆள் குறைவு, எல்லோரும் காத்திருந்துதான் சாப்பிட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

மூத்த அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 2023-ல் குடும்பஸ்ரீ உறுப்பினர்களை மறுபடி வகுப்பறையில் உட்கார வைத்த ‘திரிகே ஸ்கூளில்’ நிகழ்ச்சிக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டு போனாராம். அந்தப் போட்டோ கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. கேட்டால் நீங்கள் பஸ்ஸைத் தவறவிடும் அளவுக்குக் கதை சொல்வார். கேளுங்கள்.

சரி, குறைகள். கை கழுவும் இடம் ரொம்பக் குறுகல். ஒரு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. சில நாள் ரசத்தில் உப்பு தூக்கல். ஞாயிறு கடை இல்லை.

வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு வருகிறவர்கள், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் வந்தால் மீனும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். பார்சலுக்கு 5 ரூபாய் கூடுதல். தூக்குப்போசி கொண்டு போனால் அது வேண்டாம் என்பார்கள். மூன்று மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் சோறு கேட்டுத் தட்டாதீர்கள். வேறு கஷ்டம் என்றால் தயங்காமல் தட்டுங்கள், திறப்பார்கள்.