யுரேனியமா, தோரியமா: பாலும் உறைமோரும்

நாகர்கோவில் பக்கம் போகும்போதெல்லாம் சித்தப்பா ஒரே கேள்வியோடு காத்திருப்பார். "மணவாளக்குறிச்சி மணல்ல அவ்வளவு தோரியம் கெடக்குன்னு சொல்லுதாவ. பின்ன எதுக்குடே ரஷ்யாக்காரன்கிட்ட யுரேனியம் வாங்கி கூடங்குளத்துல போடுதோம்?"

நியாயமான கேள்விதான்.

முதலில் கதிர்வீச்சு. இயற்கை யுரேனியத்தில் பெரும்பங்கான யுரேனியம்-238 சிதைந்து பாதியாகக் குறைய (இதுதான் அரை ஆயுள்) சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். தோரியம்-232க்கு 1,400 கோடி. மெல்லச் சிதைவதால், ஒரே எடையில் எடுத்தால் தோரியத்தின் கதிரியக்கம் யுரேனியம்-238இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு மேண்டிலில் தோரியம் ஆக்சைடு இருந்தது. கல்யாண வீட்டில் அதை ஊதி ஊதிக் கட்டியவர்கள் யாரும் பயந்ததில்லை.

ஆனால் விஷயம் சிதைந்தபின் பிறக்கும் வாரிசுகளிடம் இருக்கிறது. யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள், தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்து நுரையீரலில் தங்க அது தாராளமான அவகாசம். தோரியத்திலிருந்து வரும் தோரானுக்கோ 56 விநாடிதான். பெரும்பகுதி மண்ணைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். பதிலுக்கு தோரியத்தின் வழியில் வரும் தாலியம்-208 கடுமையான காமா கதிரை வீசும். நம் கடற்கரை மணலில் கதிர்வீச்சின் அளவு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைக் கணக்கெடுத்து, புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009இல் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தச் சுற்றில் எனக்கு தோரியம் மேல்.

எரிபொருள் என்று வந்தால் கதை மாறுகிறது. தோரியம் வெறும் பால். உறை ஊற்றாமல் தயிராகாது. யுரேனியமோ தன் உறையைத் தானே கொண்டு வருகிறது: இயற்கையில் கிடைப்பதில் ஆயிரம் அணுவுக்கு ஏழு, நியூட்ரான் பட்டதும் பிளந்து, புது நியூட்ரான்களை வீசித் தொடர்வினையை நடத்தக்கூடிய யுரேனியம்-235. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகள் நியூட்ரானை அதிகம் விழுங்காத கனநீரின் துணையோடு இந்த ஏழு அணுவை வைத்தே ஓடும்படி கட்டப்பட்டவை. கூடங்குளத்தில் சாதாரண நீர் என்பதால் யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டிய, அதாவது செறிவூட்டிய யுரேனியம் வேண்டும்.

தோரியத்தில் இப்படி ஓர் அணுகூட இல்லை. வெளியிலிருந்து வரும் நியூட்ரானை வாங்கி, புரோடாக்டினியம்-233 ஆகி, 27 நாள் அரை ஆயுளில் அது யுரேனியம்-233 ஆன பிறகுதான் எரியும். ஆக, கடைசியில் எரிவதும் யுரேனியம்தான்! அதோடு ஒட்டிக்கொண்டு வரும் யுரேனியம்-232, மேலே சொன்ன தாலியத்தை இங்கேயும் கூட்டி வரும். சாதாரண யுரேனிய வில்லையைக் கையுறை போட்டு எடுக்கலாம். இதைத் தடித்த சுவருக்கு அப்பால் எந்திரக் கையால்தான் தொட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

தோரியத்துக்கு ஆதரவாகவும் சொல்ல நிறைய உண்டு. பூமியின் மேலோட்டில் அது யுரேனியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். நீண்ட காலம் நிற்கும் புளூட்டோனிய வகைக் கழிவும் குறைவு. நம் யுரேனியமோ பரம ஏழை: 1967இலிருந்து தோண்டும் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் தாதுவில் 0.1 சதவீதம்கூட இல்லை. கனடாவின் சிகார் லேக்கில் 10 சதவீதத்துக்கு மேல். இதை அறிந்துதான் 1954லேயே இந்திய அணுசக்தித் துறைக்கு அடித்தளமிட்ட ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டம் போட்டார். முதலில் யுரேனியம், அதில் கிடைக்கும் புளூட்டோனியத்தால் இரண்டாம் கட்டம், அதன் பிறகே தோரியம். யுரேனியம்-233இல் ஓடும் காமினி என்ற ஆய்வு உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. அதன் வெப்பத் திறன் 30 கிலோவாட், ஒரு டிராக்டர் எஞ்சின் அளவு. இன்றைக்கு மின்சாரம் வேண்டுமென்றால் என் ஓட்டு யுரேனியத்துக்கே.

உறைமோர்க் கணக்கைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "ஒருதடவ உறை ஊத்திட்டா, பொறவு அந்தத் தயிர்லருந்தே அடுத்த பாலுக்கு எடுத்துக்கலாம்லா?"

எடுக்கலாம். அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட் உலையில் 1977 முதல் 1982 வரை அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஐந்து வருஷம் ஓட்டியபின், போட்ட உறையைவிட ஒரு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலாக மிஞ்சியது.