திருநர் எண்ணிக்கை: எந்தக் கணக்கெடுப்பை எவ்வளவு நம்பலாம்?

மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட எட்டாத பிரிவை எண்ணும்போது கணக்கை அதிகம் கெடுப்பது மறைப்பவர்கள் அல்ல, தவறான கட்டத்தில் டிக் அடிப்பவர்கள். 2 லட்சம் பேரில் 1,000 பேர் திருநர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 200 பேர் சொல்லாமல் விட்டால் 200தான் குறையும். மீதி 1,99,000 பேரில் 0.5% பேர் கேள்வி புரியாமல் மாற்றிக் குறித்தால் 995 கூடிவிடும். கிடைக்கும் எண் 1,795. அதில் பாதிக்கு மேல் பிழை.

ஒற்றைக் கேள்வி முறை சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில், பிறப்பில் பதிவான பாலும் இன்றைய பாலின அடையாளமும் ஒன்றா என்று கேட்டார்கள். 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.62 லட்சம் பேர், அதாவது 0.5%, 'இல்லை' என்றார்கள். அதில் சுமார் 1.18 லட்சம் பேர் அடையாளம் எதையும் எழுதவில்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர்களிடம் 'இல்லை' என்ற பதிலின் விகிதம் கூடுதலாக இருந்தது. கேள்வி புரியாததுதான் காரணமோ என்று யாருக்கும் தோன்றும். 2024இல் இந்தத் தரவுக்கு இருந்த 'அங்கீகரிக்கப்பட்ட அரசுப் புள்ளிவிவரம்' என்ற தகுதி விலக்கப்பட்டது.

கனடா அதே ஆண்டு இரண்டாகப் பிரித்துக் கேட்டது: பிறப்பில் என்ன பால், இப்போது என்ன பாலினம். 15 வயதுக்கு மேல் 1,00,815 பேர், 0.33%. இரண்டு பதிலும் வேறுபட்டால் "சரிதானா?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ப்பது இன்னும் நல்லது, கை தவறியவை அங்கே வடிந்துவிடும். வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் நிரப்புவதால், குடும்பத்திடம் சொல்லாதவர்கள் விடுபடுவார்கள். ஆனாலும் இந்தப் பிழை எண்ணைக் குறைக்கும் பக்கமே இழுக்கிறது. திசை தெரிந்த பிழையோடு வேலை செய்யலாம்.

இந்தியா 2011இல் 'மற்றவர்' என்ற ஒரே கட்டத்தில் 4,87,803 பேர் பதிவானார்கள். அதில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்! திருநர் எண்ணிக்கையாக இதை அப்படியே எடுக்க முடியாது.

தொலைபேசி மாதிரிக் கணக்கெடுப்பில் சிக்கல் அளவுதான். 0.5% விகிதத்தில் 1,000 பேரைக் கேட்டால் சிக்குவது ஐந்து பேர். உண்மை விகிதம் 0.16% முதல் 1.16% வரை எதுவாகவும் இருக்கலாம். 20,000 பேர் இருந்தால்தான் 0.4–0.6 என்று சுருங்கும்.

விரும்பியவர்கள் நிரப்பும் இணையக் கணக்கெடுப்பை எண்ணிக்கைக்குத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 2022இல் அப்படி 92,329 பேர் பதில் தந்தார்கள். வேலை, மருத்துவம் பற்றி விரிவாகக் கேட்க அது உதவும். ஆனால் எத்தனை பேரில் இத்தனை பேர் என்பதற்கு அதில் வகுக்கும் எண்ணே கிடையாது.