ஏபிஐ அமோனியா டெஸ்ட் கிட்: திருகோணமலைத் தண்ணீரில் அதன் எண்ணை எப்படி வாசிப்பது?

புதுத் தொட்டியில் விட்ட மீன் நாலாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பலர் உடனே ஊற்றுவது மெத்திலீன் நீலம். புதுத் தொட்டியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மீனின் கழிவிலிருந்து சேரும் அமோனியா; அதற்கு அது மருந்தே அல்ல. அமோனியாவைத் தின்று தீர்க்க வேண்டிய பக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். எந்த மருந்துக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு அளவு, அதைத் தருவதுதான் ஏபிஐ நிறுவனத்தின் இந்தச் சோதனை கிட்.

பெட்டிக்குள் இரண்டு துளிப் போத்தல், ஒரு கண்ணாடிக் குழாய், நிற அட்டை. தொட்டித் தண்ணீராலேயே குழாயை அலசி 5 மில்லிலீற்றர் கோடு வரை நிரப்புங்கள். 1ஆம் போத்தலில் 8 துளி, 2ஆம் போத்தலில் 8 துளி விட்டு, மூடி போட்டு 5 விநாடி பலமாகக் குலுக்கி, 5 நிமிடம் பொறுத்து நிறத்தைப் பாருங்கள். போத்தலைச் சரித்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறி அளவு பிழைக்கும். நேர் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். விரலால் குழாயை மூடிக் குலுக்குவதும் கூடாது. துளிகள் தோலையும் கண்ணையும் அரிக்கும், விரலில் உள்ள அழுக்கும் கணக்கைக் கெடுக்கும். பார்த்து முடிந்ததைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டி உயரத்தில் இருக்கட்டும்.

மஞ்சள் என்றால் 0, கரும்பச்சை என்றால் 8 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 8 பங்கு). நடுவில் பிரச்சினையில்லை. 0க்கும் 0.25க்கும் இடையில்தான் கண் தடுமாறும், இந்த கிட்டின் பெரிய குறையும் அதுவே. இரவு மின்விளக்கின் கீழ் மஞ்சளும் பச்சைபோலத் தெரியும். பகலில், நேர் வெயில் படாத இடத்தில், அட்டையின் வெள்ளைப் பகுதியோடு குழாயை ஒட்டிப் பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால், போத்தல் குடிநீரில் இன்னொரு சோதனை செய்து பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் உங்கள் தொட்டி 0தான்.

நம்மூருக்கு முக்கியமான விடயம் இனித்தான் வருகிறது. கிட் காட்டுவது மொத்த அமோனியா. அதில் மீனின் பூவை, அதாவது செவுளை, சுடுவது ஒரு பங்கு மட்டும். அந்தப் பங்கை வெப்பமும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) தீர்மானிக்கின்றன. திருகோணமலையில் தொட்டித் தண்ணீர் 30 பாகை செல்சியசில் இருப்பது சாதாரணம். அந்த வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நச்சுப் பங்கு 1 வீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் 7 வீதத்துக்கு மேல். அட்டையில் ஒரே 1 பிபிஎம்தான். ஆனால் அதில் நச்சுப் பங்கு பிஎச் 7 தொட்டியில் 0.008 பிபிஎம், பிஎச் 8 தொட்டியில் 0.07. 0.05ஐத் தாண்டினால் பூ கெடத் தொடங்கும் என்பது மீன் வளர்ப்பில் பொதுவாகக் கொள்ளும் எல்லை. ஆகவே பிஎச் கிட் இல்லாமல் இதை மட்டும் வாங்குவது அரைவாசி வேலைதான்.

பிஎச்சை ஏற்றிவிடுவது பெரும்பாலும் மணல். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அள்ளிய மணலில் சிப்பியும் பவளத் துண்டும் கலந்திருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் அவை மெல்லக் கரைந்து பிஎச்சை 8க்கு மேல் இழுக்கும். நன்னீர்த் தொட்டிக்கு ஆற்று மணலே நல்லது. மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டு நுரைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வது? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 45 லீற்றர் நிற்கும். 2 பிபிஎம் காட்டினால் அரைவாசியை மாற்றுங்கள், 1 ஆகும். மறுநாள் மீண்டும் அரைவாசி. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், காற்றுக் கல்லைக் கூட்டுங்கள். ஊற்றப்போகும் தண்ணீரையும் இதே கிட்டில் பார்த்துவிட வேண்டும். மலசலகூடக் குழிக்குக் கிட்டவுள்ள கிணறென்றால் அதிலேயே அமோனியா இருக்கலாம். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கி கட்டாயம். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். பக்டீரியா குடியிருப்பது அதில்தான்.

சீகெம் நிறுவனத்தின் பிரைம் என்ற குளோரின் நீக்கியைப் பாவிப்போர் அடிக்கடி குழம்புவார்கள். 40 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் விட்ட பிறகும் கிட் அதே பச்சையைக் காட்டும். கிட் பிழையல்ல. பிரைம் அமோனியாவைக் கட்டிவைக்கும் என்பதே தயாரிப்பாளரின் கூற்று, அகற்றும் என்பதல்ல. கட்டியதையும் இந்தச் சோதனை சேர்த்தே எண்ணும். அதை நம்பித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தக் கூடாது. குளோரின் நீக்கியாக அது மிக நல்லது. சியோலைட் கல் நன்னீரில் அமோனியாவை உறிஞ்சும். ஆனால் அது கிடக்கும் தொட்டியில் உப்புப் போட்டால் உறிஞ்சியதைத் திரும்பக் கக்கிவிடும். கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாததற்கும் காரணம் அந்த உப்புத்தான்.

இன்னொரு குறை, நைத்திரைற்று இதில் தெரியாது. பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுவதால், அமோனியா இறங்கும்போது நைத்திரைற்று ஏறும், அதுவும் மீனைக் கொல்லும். கையில் காசு இருந்தால் அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பிஎச் நான்கும் உள்ள அதே நிறுவனத்தின் மாஸ்டர் கிட்டை வாங்குங்கள். இல்லாவிட்டால் இதோடு பிஎச், நைத்திரைற்றுச் சோதனைகளைத் தனித்தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாள் பட்டிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், ஒரு பெட்டியில் 130 சோதனை வரும். முதல் மாதம் ஒன்றுவிட்டொரு நாள் பார்த்தாலும் தீராது. வாங்கும்போது போத்தலின் லொட் இலக்கத்தைப் பாருங்கள்: கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த மாதமும் ஆண்டும். மூன்று வருடம் கடந்ததையும், வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் கிடந்ததையும் வாங்காதீர்கள்.