கருச்சிதைவா, கருக்கலைப்பா?
'கலைந்துவிட்டது' என்றால் தானாக நடந்தது. 'கலைத்துவிட்டார்கள்' என்றால் முடிவெடுத்துச் செய்தது. பேச்சில் ஓர் எழுத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும். எழுத்தில் முதலாவதற்குக் கருச்சிதைவு, இரண்டாவதற்குக் கருக்கலைப்பு. சரி, இதில் என்ன குழப்பம்?

மருத்துவமனைச் சீட்டில்தான். தானாகச் சிதைந்த கருவையும் டாக்டர்கள் 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்று எழுதுவதுண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்கும் மாமியார் இரண்டாவது சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால், கருவை இழந்து படுத்திருப்பவளுக்கு விசாரணையும் சேர்ந்துவிடும். 'மிஸ்கேரேஜ்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சட்டத்திலோ தலைகீழ். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, வேண்டுமென்றே கலைப்பதைத்தான் 'கருச்சிதைவு விளைவித்தல்' என்று குற்றமாக்கியது. அதற்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. டாக்டர் சட்டப்படி செய்வதை அனுமதிக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு, 'கர்ப்பத்தை மருத்துவ முறையில் முடித்தல்' என்கிறது. ஆக, வழக்குச் செய்தியில் கருச்சிதைவு என்று வந்தால், எந்தச் சட்டப் பிரிவு என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.