மரணசாசனமா (உயிலா), நன்கொடை உறுதியா, எழுதாமலே விடுவதா?

ஏழு பேர்ச் (ஒரு பேர்ச் என்பது ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) காணியும் தனிவீடும் உறுதியோடு, அதாவது உரிமைப் பத்திரத்தோடு, கையில் வந்த இலங்கை மலையகத் தோட்டக் குடும்பங்கள் அவற்றைத் தமக்குப்பின் யாருக்கு, எப்படி விடுவது என்ற அலசல் இது. லயக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசைவீட்டு அறைக்கு) இது பொருந்தாது. தொழிலாளியின் பெயரில் இல்லாத நிலத்தை யாருக்கும் எழுதிவைக்க முடியாது.

எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு (அல்லது கணவனுக்கு), மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தேசவழமை என்ற வழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு உரியது, இங்கே செல்லாது. பங்கு நியாயம்தான், ஆனால் நான்கு பிள்ளைகள் என்றால் தலைக்கு ஒரு பேர்ச்கூடத் தேறாது. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கல்யாணமானால், மனைவி தன் உரிமையைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிவரும். இறந்தவரின் சொத்தைக் கையாளும் அதிகாரமான நிருவாகக் கடிதம் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போனால் பிணையும் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரப் பத்திரம்) அனுப்பும்வரை வழக்கு இழுபடுவதும் உண்டு.

மரணசாசனம் இருந்தால் கோர்ட் தேவையில்லை என்பது பரவலான தப்பெண்ணம். மூலப்பிரதி, மரணச் சான்றிதழ், சொத்து விபரம், உரித்தாளிகளின் பெயர்ப்பட்டியல் எல்லாவற்றோடும் அதே நீதிமன்றத்துக்குத்தான் மனுப்போட வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆட்சேபணை இல்லாவிட்டால் சாசனத்தில் பொறுப்பாகப் பெயரிட்ட நிறைவேற்றுநருக்கு அதிகாரம் கிடைக்கும். இலாபம் என்னவென்றால், யாருக்கு எது, யார் பொறுப்பு என்ற சண்டைக்கு இடம் குறைவு. நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சி போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். காலையில் இருவர், பின்னேரம் மூவர் என்று கையெழுத்து வாங்கினால் அது வெறும் கடதாசி.

நன்கொடை உறுதியில் காணி உடனே கைமாறும், இறந்தபின் அதற்காக வழக்கு வேண்டாம். பெறுபவர் ஏற்றுக்கொண்டார் என்பதையும் அதிலேயே பதிந்துவிடுவது நல்லது. சீவிய உரித்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) தமக்கு ஒதுக்கும் வசனம் விடுபட்டால் தாய்தகப்பன் மகனின் தயவில்தான் குடியிருக்க வேண்டும். திருப்பி எடுப்பதும் இலேசல்ல. முதலில் உங்கள் உறுதியில் கைமாற்றத் தடை இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். ஒரே வீடு, கூடவே இருந்து பார்க்கும் ஒரே பிள்ளை என்றால் இதுவே சுருக்க வழி. கல்யாணம் பதியப்படாத குடும்பத்துக்கு மரணசாசனம்தான் நல்லது.

எந்த வழியிலும் காலை வாருவது பெயர்தான்: அடையாள அட்டையில் முத்துலட்சுமி, உறுதியில் முத்துலெச்சுமி, மரணச் சான்றிதழில் முத்தம்மா. ஆள் இருக்கும்போதே எல்லாப் பெயரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), வங்கிக் கணக்கு இரண்டிலும் நியமித்த பெயரையும் அன்றைக்கே சரிபாருங்கள். அது ஒழுங்காக இருந்தால் அந்தக் காசுக்குக் கோர்ட் வாசல் மிதிக்க வேண்டியதில்லை.